வார்த்தை என்னும் சொல்: பேரருளாளனின் ஆறு வார்த்தைகளை முன்னிட்டு

பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகளின் வாயிலாகப் பேரருளாளன் இளையாழ்வாருக்கு அருளிய ஆறு வார்த்தைகளை நம் ஸம்ப்ரதாயத்தில் அறியாதவர் இலர். அண்மையில் வெளிவரும் சில சிறு நூல்களில் இவை 'ஆறு சொற்கள்' என்று அச்சிடப்பட்டிருக்கக் காண்கிறோம். வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை இடுவது நல்லெண்ணமே. ஆயினும் இவ்விடத்தில் வார்த்தை நீங்கியபோது பொருளும் உடன் நீங்கிவிட்டது. படிக்கும் இளைஞர்கள் சொற்களை எண்ணத் தொடங்கி, முதல் விடையிலேயே கணக்குத் தவறக் கண்டு மயங்குகிறார்கள். பூர்வாசார்யர்கள் ஏன் இவற்றை வார்த்தை என்றே வழங்கினார்கள் என்பதை ஆராய்வது இதனால் அவசியமாகிறது.

வார்த்தா என்பது 'வ்ருத்தி' என்னும் சொல்லின் வழியே பிறந்தது. வ்ருத்தியாவது பிழைப்பு, ஜீவனம். ஆகவே இச்சொல்லுக்கு முதலில் வாயோடும் குரலோடும் உறவில்லை. கௌடில்யர் தம் அர்த்தசாஸ்த்ரத்தில் வித்யைகள் நான்கு என்று கூறி, அவற்றுள் ஒன்றாக வார்த்தையை வைத்து, உழவும் பசுக்காவலும் வாணிகமும் அதில் அடங்கும் என்கிறார். ஸ்ரீபாகவதம் தசமஸ்கந்தத்தில், இந்த்ரனுக்குச் செய்யவிருந்த ஆராதனத்தைத் தடுக்கும் கண்ணன் நந்தகோபரிடம் வார்த்தை நான்கு வகைப்படும் என்று எடுத்துச் சொல்லி, நாம் எந்நாளும் பசுக்களைக் கொண்டு ஜீவிப்பவர் அன்றோ என்கிறான். அங்கே வார்த்தை என்பதற்குப் 'பேச்சு' என்று பொருள் கொண்டால் கோவர்த்தன வ்ருத்தாந்தமே பொருளற்றதாகிவிடும்.

அமரஸிம்ஹர் இச்சொல்லை இரண்டு இடங்களில் படிக்கிறார். இரண்டாம் காண்டத்து வைச்யவர்க்கத்தில் அது ஜீவிகையைக் குறிக்கும் சொற்களோடு நிற்கிறது. முதற்காண்டத்தில் சப்தம் முதலியவற்றைச் சொல்லும் வர்க்கத்தில் ப்ரவ்ருத்தி, வ்ருத்தாந்தம், உதந்தம் என்பனவற்றோடு சேர்ந்து 'செய்தி' என்னும் பொருளில் நிற்கிறது. பிழைப்பைக் குறித்த சொல் செய்தியைக் குறிக்க வந்தது எங்ஙனம் என்னில், நடப்பது என்னும் தாதுப்பொருள் இரண்டுக்கும் பொதுவாதலால் என்க. ஒருவன் எதைக்கொண்டு நடக்கிறான் என்பது ஒரு வார்த்தை. எங்கே என்ன நடந்தது என்பது மற்றொரு வார்த்தை. பாரதத்தில் யக்ஷன் தருமபுத்திரரிடம் 'கா வார்த்தா' என்று கேட்டபோது வினாவியதும் இந்தச் செய்தியையே. காலமானது பிராணிகளைப் பெரும் கொப்பரையில் இட்டுச் சமைக்கிறது, இதுவே உலகத்துச் செய்தி என்று அவர் விடை கூறினார்.

மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இச்சொல் இன்றும் செய்தியாகவே வழங்குகிறது. ஆகாசவாணி 1974-இல் ஸம்ஸ்க்ருதத்தில் செய்தி வாசிக்கத் தொடங்கியபோதும் அதற்கு 'வார்த்தா:' என்பதே பெயராயிற்று. தமிழிலோ, ஆகார ஈறு ஐகாரமாகும் முறையிலே வார்த்தை என்று திரிந்து, நாளடைவில் பதம் என்னும் குறுகிய பொருளுக்கு இறங்கிவிட்டது. ஆனால் பேச்சு வழக்கு பழம்பொருளை முற்றும் கைவிடவில்லை. "ஊருக்குப் போகிறவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா" என்று எங்கள் மாங்காட்டுத் திண்ணைகளில் குறைப்பட்டுக்கொள்பவர்கள் ஒரு பதத்தையா எதிர்பார்க்கிறார்கள்? செய்தியைத்தான். இரு வீட்டாருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றால், பேச்சும் இல்லை, ஒருவர் செய்தி மற்றவருக்குப் போவதும் இல்லை என்பதே கருத்து. படித்தவர்கள் எழுத்தில் இழந்ததைப் படியாதவர்கள் நாவில் காத்திருக்கிறார்கள்.

இனி ஆறு வார்த்தைகளுக்கு வருவோம். மாங்காட்டிலிருந்து இரண்டு நாழிகை நடையில் உள்ள பூவிருந்தவல்லியில், மாசி மிருகசீரிஷத்தில், வைச்ய குலத்தில் தோன்றியவர் நம்பிகள். குலத்துக்கு உரிய வாணிகத்தை விட்டுக் கச்சியில் தேவப்பெருமாளுக்கு ஆலவட்டக் கைங்கர்யம் செய்தார், தேவராஜாஷ்டகம் அருளினார். வைச்யனுடைய வார்த்தையை விட்டவர் பெருமாளுடைய வார்த்தைக்கு வாயானார் என்று சொல்லலாம். இது சிலேடையே அன்றிச் சொல்லாராய்ச்சி அன்று. ஆயினும் அமரகோசம் கற்றவர்களுக்கு இது தோன்றாமல் இராது.

இளையாழ்வார் தம் திருவுள்ளத்தில் சில ஐயங்கள் கொண்டிருந்தார். அவற்றை வெளியிடாமல், பெருமாளிடம் விண்ணப்பம் செய்து விடை பெற்றுத் தரவேண்டும் என்று நம்பிகளை வேண்டினார். இரவில் ஆலவட்டம் வீசி நிற்கையில் நம்பிகள் விண்ணப்பிக்க, பேரருளாளன் விடை அருளினான். தானே பரதத்துவம் என்றும், ஜீவேச்வரர்களுக்குப் பேதமே தர்சனம் என்றும், ப்ரபத்தியே உபாயம் என்றும், ப்ரபன்னனுக்கு அந்திமஸ்ம்ருதி வேண்டா என்றும், சரீர அவஸானத்தில் மோக்ஷம் என்றும், பெரிய நம்பிகளை ஆச்ரயிப்பது என்றும் அவ்விடைகள் அமைந்தன. வினாக்கள் இன்னவை என்று அறியாமலே விடைகளை ஏந்திச் சென்றவர் திருக்கச்சி நம்பிகள். கேட்ட இளையாழ்வார், தம் நெஞ்சில் இருந்தவை இவையே என்று உகந்தார்.

இங்கே மூன்று வழக்குகளை நோக்கவேண்டும். கீழிருந்து மேலே செல்வது விண்ணப்பம். திருவரங்கத்து அரையர்களுக்கு 'விண்ணப்பம் செய்வார்' என்ற திருநாமம் உண்டானதும் இதனாலே. பெரியோர் வாயினின்று வருவதை அருளிச்செய்தது என்கிறோம். அப்படி அருளிச்செய்ததை ஒருவர் கேட்டு, மற்றொருவர் செவியில் கொண்டு சேர்த்தால் அது வார்த்தை. சொல் சொன்னவனிடத்திலேயே முடிந்துவிடலாம். வார்த்தைக்கோ கொண்டு செல்பவர் ஒருவரும் கேட்பவர் ஒருவரும் வேண்டும். தேவப்பெருமாள் இளையாழ்வாரிடம் நேரே பேசியிருக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. ஆறாம் வார்த்தையும் இதையே காட்டுகிறது. முதல் ஐந்தும் ஸித்தாந்தம். ஆறாவது, உனக்கு ஆசார்யர் இன்னார், அவரிடம் போ என்கிற செய்தி. அதைக் கேட்டே இளையாழ்வார் புறப்பட்டார். அவரை நாடித் திருவரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த பெரிய நம்பிகளை மதுராந்தகத்தில் கண்டு, அங்கேயே பஞ்சஸம்ஸ்காரம் பெற்றார்.

ஆழ்வார்கள் வழக்கும் இதற்கு ஒத்தது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில், 'தாமுகக்கும்' பதிகத்தின் முடிவுப் பாட்டில் சரமச்லோகத்தைப் 'பெருவார்த்தை' என்கிறாள். நம்மாழ்வாரும் 'கற்பார்' பதிகத்தின் பத்தாம் பாட்டை வார்த்தை என்னும் சொல்லைக்கொண்டே தொடங்குகிறார். பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில், சரமச்லோகத்துக்கு அர்த்தமாக இப்பாட்டை அநுஸந்திக்கச் சொல்லியிருப்பது ஓராண்வழிக் காலக்ஷேபம் கேட்டவர்கள் அறிந்ததே.

கீதையின் ச்லோகம் ஒன்றை மந்த்ரம் என்றோ உபதேசம் என்றோ சொல்லாமல் வார்த்தை என்பானேன்? மந்த்ரமாயின் ஜபிக்கவேண்டும், உபதேசமாயின் அதன்படி ஒழுகவேண்டும். செய்தியாயின் கேட்டாலே போதும். ஆண்டாளும் தன் திருத்தகப்பனார் அந்தப் பெருவார்த்தையைக் கேட்டு இருப்பதாகவே பாடுகிறாள். அச்சமயம் தேரிலே இருந்தவன் அர்ஜுனன். கேட்டிருப்பவரோ வில்லிபுத்தூரில் பூமாலை தொடுக்கும் விஷ்ணுசித்தர். காலமும் தேசமும் கடந்து வந்து சேர்ந்தபின் கேட்பவரின் சுமையை இறக்கிவைப்பதாதலின் அது செய்தி. 'மா சுச:' என்ற முடிவும் நல்ல செய்தி கொண்டுவந்தவன் சொல்லும் பேச்சே அன்றோ. யக்ஷனுக்குத் தருமபுத்திரர் சொன்ன வார்த்தை காலம் நம்மைச் சமைக்கிறது என்பது. அரங்கன் சொன்ன வார்த்தை நீ வருந்தாதே என்பது. அந்த ச்லோகத்தில் உள்ள வினைச்சொல்லின் விதித்தன்மையைப்பற்றி இரு கலைப் பெரியோரும் வேறுபடுவர். அந்த வாதத்துள் அடியேன் இங்கே புகவில்லை. வார்த்தை என்ற பெயர் இருவருக்கும் பொது.

பிற்காலத்தில் நம்பிள்ளையின் சிஷ்யரான பின்பழகிய பெருமாள் ஜீயர், ஆசார்யர்கள் அவ்வப்போது வாயால் அருளியவற்றைத் தொகுத்து 'வார்த்தாமாலை' என்று பெயரிட்டதும் இந்த நோக்கிலேயே. அதில் கோத்திருப்பவை பதங்கள் அல்ல. இன்னார் இன்னாரைக் கேட்க இன்னார் இப்படி அருளிச்செய்தார் என்று செவிவழி வந்த செய்திகள். ஈட்டின் வரலாறும் அதுவே: நம்பிள்ளை பகலில் அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் பட்டோலைப்படுத்தியிராவிட்டால் முப்பத்தாறாயிரம் நமக்குக் கிடைத்திராது.

ஆகவே சிறு நூல்கள் பதிப்பிக்கும் அன்பர்கள் ஆறு வார்த்தைகள் என்ற பழைய வழக்கையே இருத்தவேண்டும் என்று வேண்டுகிறேன். தமிழ்ச்சொல்லே வேண்டும் என்பார் 'ஆறு செய்திகள்' என்று இடலாம். அதில் கௌரவம் சற்றுக் குறைந்து தோன்றினாலும் பொருள் பிழையாது.