சியோலின் பழஞ்சந்தைகள்

சியோல் நகருக்குப் புதிதாக வருபவர்கள் காலையில் கியோங்போக்குங் அரண்மனையையும், பொழுது சாய்கையில் நாம்தேமுன் அல்லது க்வாங்ஜாங் சந்தையையும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எனினும் அரண்மனையையும் அங்காடியையும் தொடர்பற்ற இரு காட்சிகளாகக் கொள்வது அந்நகரின் வரலாற்றுக்குப் பொருந்தாது, ஏனெனில் அங்கே முதற்கடைத்தெருவை எழுப்பியதே அரசுதான்.

1392இல் ஜோசோன் அரசமரபை நிறுவிய யி சோங்கே, 1394இல் தலைநகரை ஹன்யாங் எனப்பட்ட இவ்விடத்துக்கு மாற்ற, மறு ஆண்டே கியோங்போக்குங் எழுந்தது. அரண்மனையின் முன்னே அலுவலகங்களும் பின்னே சந்தையும் அமைவது சீன நகரமைப்பு மரபு. இங்கோ பின்புறம் மலை நெருங்கி நின்றமையால் சந்தை ஜோங்னோ சாலைக்கு வந்தது. 1412 முதல் மன்னர் தேஜோங் அங்கே நெடிய கடை வரிசைகளைக் கட்டி வணிகர்களுக்கு அளித்தார். சிஜோன் எனப்பட்ட இவ்வுரிமக் கடைகள் அரண்மனைக்கு வேண்டிய பொருள்களை வழங்கக் கடமைப்பட்டிருந்தன. கைம்மாறாகத் தத்தம் பொருளை விற்கும் தனியுரிமையைப் பெற்றன. பட்டு, பருத்தித் துணி, காகிதம், மீன் போன்றவற்றை விற்ற ஆறு பெருங்கடைகள் இவற்றுள் தலையாயவை.

பதினேழாம் நூற்றாண்டில் இத்தனியுரிமை மேலும் இறுகியது. உரிமமின்றி விற்பவரைப் பிடிக்கவும் சரக்கைப் பறிக்கவும் சிஜோன் வணிகர்களுக்கே அதிகாரம் தரப்பட்டது. போட்டியாளனை அடக்கும் தடியைப் போட்டியாளனிடமே கொடுத்த இந்த ஏற்பாட்டில் நியாயம் நிலைத்திருந்தால்தான் வியப்பு. தலையில் சிறு கூடையைச் சுமந்துவந்த கிராமத்தாரும், சரக்கை இழப்பதா, உரிமக் கடைக்காரர் சொன்ன விலைக்குத் தள்ளிவிடுவதா என்ற நெருக்கடிக்கு ஆளாயினர். ஆயினும் நகரில் மக்கள்தொகை பெருகப் பெருக, நான்ஜோன் எனப்பட்ட உரிமமற்ற வணிகம் ஓயவில்லை: தெற்கு வாயிலுக்கு வெளியே சில்பேயில் மீனும், கிழக்கு வாயிலை அடுத்த ஈஹ்யோனில் காய்கறியும் மலிந்தன. இறுதியில், அமைச்சர் சே ஜே-கோங்கின் பரிந்துரையை ஏற்ற மன்னர் ஜோங்ஜோ, 1791இல் அந்த ஆறு கடைகள் நீங்கலாக ஏனையவற்றின் தடையுரிமையை ஒழித்தார். எஞ்சியதும் 1894ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களோடு மறைந்தது.

அரண்மனை சந்தையை உலுக்கிய காலமும் உண்டு. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்த கியோங்போக்குங்கை, சிறுவயது மன்னருக்காக ஆண்ட தந்தை தேவோங்குன் 1865இல் மீண்டும் கட்டத் தொடங்கினார். செலவை ஈடுகட்ட 1866இல் வெளியிட்ட தாங்பேக்ஜோன் நாணயத்தில் நூறு காசு என்று பொறிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த உலோகமோ ஐந்தாறு காசுக்குமேல் பெறாது. அரிசி விலை பன்மடங்கு ஏறவே, ஓராண்டுக்குள் அதன் அச்சடிப்பு நிறுத்தப்பட்டது. இன்றைய பயணி வியந்து நோக்கும் மண்டபங்களின் செலவில் ஒரு பங்கு இவ்வாறு சாமானியரின் உலையிலிருந்து வந்தது.

நாம்தேமுன் சந்தை 1897இல், வரி அரிசியைக் காத்த அரசு அலுவலகத்தின் பண்டகசாலை வளாகத்தில் உருப்பெற்றது. அதன்மீது ஜப்பானியரின் பிடி இறுகிய நிலையில், கொரிய வணிகர்கள் தாமே முதல் திரட்டி, 1905இல் க்வாங்ஜாங் சந்தையைத் தொடங்கினர். அவர்கள் அதை நிறுவிய இடம் பழைய ஈஹ்யோன். ஊறவைத்த பாசிப்பயற்றைத் திரிகையில் அரைத்து, எண்ணெய் ததும்பும் கல்லில் தடித்த அடையாக வார்க்கும் பெண்களைச் சுற்றியே இன்று கூட்டம் மொய்க்கிறது. மேல்தளத்திலோ, ஒருகாலத்தில் ஜோங்னோவின் உரிமக் கடைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த பட்டு, ஹன்போக் என்னும் மரபுடைக்காக முழம்போட்டு விற்கப்படுகிறது.