பிளைவுட்டைச் சாய்த்து வெட்டியவர்கள்

ஒரு சாக்பீஸை ரெண்டு முனையிலும் பிடிச்சு முறுக்கிப் பாருங்க. நேரா உடையாது. சுருளா, சுமார் 45 டிகிரி சாய்வில் உடையும். பாதம் தரையில் மாட்டிக்கிட்டு உடம்பு மட்டும் திரும்பி விழுந்தவங்க காலோட எக்ஸ்ரேயிலும் இதே மாதிரி சாய்வுக் கோடுதான். ஸ்பைரல் பிராக்சர்னு சொல்லுவோம்.

இந்தச் சாய்வுக்கு மர விமான வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. அதுக்குத்தான் இந்த இழை. 👇

மரம், நார் ஓடும் திசையில் பலசாலி. குறுக்கே இழுத்தா பிளந்துடும். 1912-ல் பிரான்சின் லூயி பெஷெரோ வடிவமைச்ச டெபர்டுசான் மோனோகோக் விமானத்தில், மெல்லிய மரத்தகடுகளை நாருக்கு நார் குறுக்கா வர்ற மாதிரி மூணு அடுக்கா அச்சின் மேல ஒட்டினாங்க. நண்டுக்கு ஓடு மாதிரி, மேல்தோலே சுமை தாங்கியது. அடுத்த வருஷமே ரேம்ஸ் பந்தயத்தில் மணிக்கு 200 கி.மீ.! (அதே 1913-ல் கம்பெனி முதலாளி மோசடி வழக்கில் கைதானது தனிக்கதை.)

பிறகு வீட்டிலேயே விமானம் கட்டுபவர்கள் வந்தார்கள். அமெரிக்காவில் 1953-ல் அவர்களுக்கென்று இ.ஏ.ஏ. என்ற சங்கமே தொடங்கினார் பால் போபெரெஸ்னி.

இறக்கையின் முதுகெலும்பு ஸ்பார். மேலும் கீழும் நீளச் சட்டம், நடுவில் பிளைவுட் சுவர். பறக்கும்போது இந்தச் செவ்வகச் சுவர் சாய்சதுரமாகக் கோணப் பார்க்கும். ஒரு மூலைவிட்டம் இழுபடும், மற்றது நசுங்கும். நார் நேரா, குறுக்கா மட்டும் ஓடினா அந்த ரெண்டு திசையிலும் தாங்க நாரே இல்லை. 45 டிகிரியில் வெச்சா ஒரு அடுக்கு இழுப்பையும், அடுத்தது நசுக்கலையும் நேரடியா வாங்கிக்கும். தடிமன் அதேதான், எடையும் அதேதான்.

சிக்கல் பர்ஸில். விமானத்தர பிளைவுட் விலை அதிகம். சாய்த்து வெட்டினா ஓரமெல்லாம் முக்கோணமா மிஞ்சும். நேரா வெட்டிட்டா ஒரு ஷீட் மிச்சமாகுமேன்னு கை அரிக்கும். இறக்கையை மூடின பிறகு கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், வித்தியாசம் தெரியறது ஆகாயத்தில். இறக்கையை மூடுறதுக்கு முன்னாடியே இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்டும் வழக்கம் உண்டு. மாவுக்கட்டுக்கு முன்னாடி எலும்பு சரியா சேர்ந்திருக்கான்னு நாங்க பார்க்கிற மாதிரி.

அந்த முக்கோணத் துண்டுகள்? பெரும்பாலும் வீண் போகாது. இறக்கையின் விலாச் சட்டங்கள் சேரும் மூட்டுகளில் ஒட்ட இந்த மாதிரிச் சின்னத் துண்டுகள் உதவும்.