ஷூட்டிங்கில் நடிகர்கள் மணிக்கணக்கில் காத்திருப்பது ஏன்?

காலையிலேயே மேக்கப் போட்டாச்சு. ஆனா ‘ஷாட் ரெடி’ என்ற குரல் வர மதியம்கூட ஆகலாம். முக்கியக் காரணம் லைட்டிங். இருவர் பேசும் காட்சியில் பொதுவாக ஒருவர் பக்க ஷாட்களை எடுத்து முடித்த பிறகே கேமராவை மற்றவர் பக்கம் திருப்புவார்கள். அப்போது லைட்மேன்கள் விளக்குகளையும் இடம் மாற்றணும். அவுட்டோர் என்றால் மேகம் விலகவும் காத்திருக்கணும்.

கோலிவுட்டில் ஹீரோவுக்கு ஏசி கேரவன் உண்டு. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்குப் பெரும்பாலும் மரத்தடிதான். கன்டினியூட்டி கெடும் என்பதால் உடையைக்கூட மாற்ற முடியாது. இதுவும் வேலைதானே?

அமெரிக்காவில் ‘சாக்-ஆஃப்ட்ரா’ நடிகர் சங்க ஒப்பந்தப்படி, வேலைக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் சாப்பாட்டு இடைவேளை தராவிட்டால், தயாரிப்பாளர் நடிகருக்கு அபராதத் தொகை தரணும். அவர் சும்மா உட்கார்ந்திருந்த நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.