நூற்றியொரு வருஷத் தூக்கம்!

கொடைக்கானல் போகிற நம்மில் பலர் ஏரியைச் சுற்றிவிட்டு, தூண் பாறையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். இன்னும் உள்ளே, பூம்பாறையையும் தாண்டிப் போனால் கூக்கால் என்று ஒரு மலைக் கிராமம். ஏரி, சோலைக்காடு, சொல்லாமல் கொள்ளாமல் இறங்குகிற மூடுபனி. மனுஷனுக்குச் சொர்க்கம்தான். ஆனால், இரும்புக்கு?

அந்த மாதிரி ஊரில் ஒரு பழைய ஜீப்பை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டு, நாலைந்து மழைக்காலம் கழித்துத் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டாங்க்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆர்வக்கோளாறில் நேராகச் சாவியைத் திருகினால், இன்ஜினுக்கே ஆபத்து! அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பழைய பெட்ரோலை வடித்துக் கொட்டுவார். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைப்பார். பிறகுதான் கையால் மெள்ளச் சுற்றிப் பார்ப்பார்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் 'தேய்மானம்' என்ற வார்த்தை மனப்பாடம். ஓட ஓடத்தான் வண்டி தேயும் என்று நினைக்கிறோம். சும்மா நின்றாலும் கெடும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும்.

நாலைந்து மழைக்கே இந்தக் கதி என்றால், 101 வருஷம் நின்ற வண்டி?

அதையும் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள், நம் சென்னை பெரம்பூரில். கார் அல்ல, ரயில் இன்ஜின்!

1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி தயாரித்து, கப்பலேற்றி கல்கத்தாவுக்கு அனுப்பிய நீராவி இன்ஜின் அது. அதன் நம்பர்: இ.ஐ.ஆர்-21. அப்போது மதராஸில் பயணிகள் ரயிலே கிடையாது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1856-ல். பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலை பிறந்ததும் அதே வருஷம். ஆக, நோயாளியைவிட ஆஸ்பத்திரிக்கு ஒரு வயசு குறைச்சல்!

1909-ல் இன்ஜினுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஜமால்பூர், ஹௌரா என்று காட்சிப்பொருளாகவே நின்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பெரம்பூருக்கு வந்து சேர்ந்தது.

இங்கே பிஸ்டனைவிடப் பெரிய தலைவலி, பாய்லர். துருப்பிடித்த கார் இன்ஜின் ஓடாமல் போகும், அவ்வளவுதான். துருப்பிடித்த பாய்லர் நீராவி அழுத்தத்தில் வெடித்தால், பக்கத்தில் நிற்கிறவர் பிழைக்க மாட்டார். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவின் அகலப் பாதையில் நீராவி ரயில்கள் 1995-லேயே முடிந்துவிட்டன. அந்த வேலை தெரிந்த கைகள் ஒவ்வொன்றாக ரிட்டயர் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. இரும்போடு சேர்ந்து வித்தையும் துருப்பிடிக்கும்!

பெரம்பூர்காரர்கள் அசரவில்லை. 2010 ஆகஸ்ட் 15 அன்று, சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் புகை கக்கிக்கொண்டு ஓடியது இ.ஐ.ஆர்-21.

இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதே கம்பெனி, அதே வருஷம், இ.ஐ.ஆர்-22. 'ஃபேரி குயின்' என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 88 வருஷ ஓய்வுக்குப் பிறகு 1997-ல் டெல்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓடி, மறுவருஷமே கின்னஸில் ஏறியவள். 2011-ல் அவளுடைய பாகங்கள் களவு போயின. எங்கே அனுப்பினார்கள்? பெரம்பூருக்குத்தான்! 2017-ல் மறுபடி தண்டவாளம் ஏறினாள்.

'நவீன பிரேக்கெல்லாம் மாட்டிய பிறகு அது எப்படி 1855 இன்ஜின் ஆகும்?' என்று சிலர் கேட்பார்கள். தாத்தாவுக்குப் பல்செட் கட்டினால் அவர் தாத்தா இல்லை என்று ஆகிவிடுமா? பிரேக் இல்லாமல் ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓட்ட முடியாது, சார்!

சரி, உங்கள் வீட்டு ஷெட்டிலும் அப்பாவின் பழைய வண்டி ஒன்று படுத்திருக்கிறதா? வண்டி இன்னும் பத்து வருஷம்கூடக் காத்திருக்கும். அதைத் தொட்டு எழுப்பத் தெரிந்த உங்கள் தெருமுனை மெக்கானிக்குக்கு இப்போதே அறுபதைத் தாண்டியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.