பெரிதாக்கினால் பரப்பு குறையும்
கைப்பேசித் திரையில் ஒரு சாளரத்தின் வரலாறு

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்று ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வானாய்வு நிலையத்தை அடையலாம். அன்று வட ஆர்க்காடு மாவட்டத்திலும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூரில், 1968ஆம் ஆண்டு 38 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று நிறுவப்பெற்றது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரி 6ஆம் நாள் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

தொலைநோக்கிகளின் முதுகில் பெரும்பாலும் இன்னொரு சிறிய தொலைநோக்கி பொருத்தப்பட்டிருக்கும். அது எதற்கு? பெரிய கருவி விண்மீனை நன்கு பெரிதாக்கிக் காட்டும். ஆனால் வானத்தில் ஒரு சிறு துண்டு மட்டுமே அதில் தெரியும். அத்துண்டு வானத்தின் எந்தப் பகுதி என்பது அதைப் பார்ப்பவருக்குப் புலப்படாது. சிறிய கருவியோ குறைவாகப் பெரிதாக்கி, அகன்ற வானத்தைக் காட்டும். அதில் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே பெரியதில் பார்ப்பார்கள்.

பெரிதாக்கினால் பார்க்கும் பரப்பு குறையும். இது தொலைநோக்கிக்கு மட்டும் உரிய விதியன்று. உங்கள் சட்டைப் பையில் உள்ள கைப்பேசித் திரைக்கும் இதே விதிதான். இதைச் சரிவரக் கையாள வலைப்பக்கம் எழுதுவோருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

செய்து பாருங்கள்

ஓர் அட்டையில் 6 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள துளை ஒன்றை வெட்டி, நாளிதழின் மேல் வையுங்கள். 24 சதுர செ.மீ. பரப்பிலுள்ள செய்தி தெரியும். அடுத்து 3 செ.மீ.க்கு 2 செ.மீ. துளை போதும். இப்போது தெரிவது 6 சதுர செ.மீ. மட்டுமே. நீளமும் அகலமும் பாதியாயின. பரப்போ கால் பங்காயிற்று. கைப்பேசியில் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கும்போது நடப்பதும் இதுவே. திரை அதே திரைதான். ஆனால் அதன் வழியே தெரியும் பக்கம் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஒரே சாளரம் இருந்த காலம்

1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். அதுவரை அசையாதிருந்த வலைப்பக்கம் அதன் பிறகு தன்னைத்தானே மாற்றிக்கொள்ளக் கற்றது. அதற்கு முதலில், "என் சாளரத்தின் அகலம் என்ன?" என்று அது உலாவியிடம் கேட்க வேண்டும் அல்லவா? நெட்ஸ்கேப் இதற்கு ஒரு பெயர் வைத்தது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்புளோரர் வேறு பெயர் வைத்தது. நெட்ஸ்கேப் வைத்த "இன்னர்விட்த்" என்ற பெயரை எக்ஸ்புளோரர் ஏற்றது 2011இல் வந்த அதன் 9ஆம் பதிப்பில்தான். அதுவரை நிரல் எழுதுவோர் இருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது.

இருந்தாலும் அப்போது கேள்வி எளிமையானது. மேசைக் கணினியில் ஒரே ஒரு சாளரம்தான். அதற்கு ஒரே ஓர் அகலம்தான்.

இரண்டாம் சாளரம் பிறந்தது

2007 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஐஃபோன் விற்பனைக்கு வந்தது. அதன் திரையின் அகலம் 320 பிக்சல், அதாவது 320 புள்ளிகள். அன்றைய வலைப்பக்கங்களோ பெரிய திரைக்காக எழுதப்பட்டவை. ஆப்பிள் ஓர் உபாயம் செய்தது. பக்கத்தை 980 புள்ளி அகலமுள்ளதாக வைத்து வரைந்து, முழுவதையும் சுருக்கி 320 புள்ளிக்குள் காட்டியது. வேண்டிய இடத்தை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கணக்கிட்டுப் பாருங்கள். 16 புள்ளி உயரத்தில் அமைத்த எழுத்து, 980ஐ 320ஆகச் சுருக்கும்போது ஏறக்குறைய 5 புள்ளியாகிவிடும். இந்த அளவில் தமிழ் எழுத்து என்ன ஆகும்? மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி கண்ணுக்குத் தெரியாது. 'கல்' எது, 'கல' எது என்று பிரித்தறிய முடியாது. 'ண', 'ன' இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். எனவே பெரிதாக்குதல் வசதிக்கான ஏற்பாடு மட்டுமன்று. படிப்பதற்கே அதுதான் வழி.

இங்கேதான் சிக்கல் தொடங்கிற்று. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். மேசையில் தோலை விரித்து, கத்தி விளிம்புள்ள இரும்புச் சட்டத்தைத் தழும்பில்லாத இடம் பார்த்து அதன் மேல் வைப்பார்கள். தோல் அசைவதில்லை, சட்டம்தான் நகர்கிறது. விரலால் பெரிதாக்கும்போதும் அப்படியே. பக்கம் வரையப்பட்ட அகலம் மாறுவதில்லை. அதன் மேல் ஒரு சிறு சட்டம் நகர்கிறது. அதனுள் அடங்குவது மட்டுமே நமக்குத் தெரிகிறது.

ஆக, சாளரங்கள் இரண்டாயின. பக்கம் வரையப்படும் பெரிய சாளரத்தை அமைப்புச் சாளரம் எனலாம். கண்ணுக்குத் தெரியும் சிறிய சாளரத்தைக் காட்சிச் சாளரம் எனலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் பால் காக் 2010ஆம் ஆண்டளவில் இவ்விரண்டையும் வேறுபடுத்தி விரிவாக விளக்கினார். நிரல் எழுதுவோருக்கு அது பெரிதும் உதவிற்று. ஆனால் "அகலம் என்ன?" என்று நிரல் கேட்டபோது, சில உலாவிகள் பெரிய சாளரத்தின் அளவைச் சொல்லின; சில சிறியதன் அளவைச் சொல்லின.

பூட்டும் திறவுகோலும்

இக்குழப்பத்துக்குப் பலர் கண்ட வழி தவறானது. கைப்பேசித் திரைக்கு ஏற்பப் பக்கத்தை வரையும்படி உலாவிக்குச் சொல்ல ஆப்பிள் ஒரு கட்டளை வரியைத் தந்திருந்தது. அதே வரியில் "பயனர் பெரிதாக்கக் கூடாது" என்றும் சேர்க்க முடிந்தது. பெரிதாக்கினால் பக்கத்தின் அமைப்பு குலைகிறது என்று எண்ணியோர் அதைச் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிட்டனர்.

இதனால் துன்பப்பட்டவர் யார்? சுமார் நாற்பது வயதுக்கு மேல் கண்ணின் வில்லை விறைப்படைந்து, அருகிலுள்ளது தெளிவாகத் தெரிவதில்லை. இதை வெள்ளெழுத்து என்கிறோம். நாள் முழுவதும் காலணியின் மேல்பாகம் தைத்துவிட்டு, மாலையில் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தைக் கைப்பேசியில் நிரப்பும் தாயை எண்ணிப் பாருங்கள். விரலை விரிக்கிறார், பக்கம் அசைய மறுக்கிறது. குறை அவர் கண்ணில் மட்டுமா?

எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்க இயல வேண்டும் என்று 2008 டிசம்பரில் வெளியான பன்னாட்டு அணுகல் நெறிமுறையே கூறியிருந்தது. 2016இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 10 பதிப்பில் அந்தப் பூட்டைப் புறக்கணித்தது. பக்கம் தடுத்தாலும் பயனர் பெரிதாக்கலாம் என்றாயிற்று. ஆனால் எல்லா உலாவிகளும் அவ்வாறு செய்துவிடவில்லை.

சரியான விடை அடுத்த ஆண்டு கிடைத்தது. 2017 செப்டம்பரில் குரோம் 61ஆம் பதிப்பு, காட்சிச் சாளரத்தை நிரலுக்கு நேரடியாகத் தெரிவிக்கும் வசதியைத் தந்தது. சஃபாரி 2019இலும், பயர்பாக்ஸ் 2021இலும் அதை ஏற்றன. இப்போது நிரல் மூன்று கேள்விகளைத் தெளிவாகக் கேட்கலாம். தெரியும் பகுதியின் நீள அகலம் எவ்வளவு? பெரிய சாளரத்தின் விளிம்பிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது? எத்தனை மடங்கு பெரிதாக்கப்பட்டிருக்கிறது?

360 புள்ளி அகலமுள்ள திரையை இரு மடங்கு பெரிதாக்கினால் விடை 180 என வரும். விசைப்பலகை மேலெழுந்து 'சமர்ப்பி' பொத்தானை மறைத்தாலும், தெரியும் உயரம் குறைந்ததை நிரல் உடனே அறியும். பொத்தானை நகர்த்தி அந்த இடத்துக்குள் கொண்டுவரலாம். பெரிதாக்குவதைத் தடுக்கவே தேவையில்லை.

காவலூரில் அகன்ற வானத்துக்கு ஒரு கண்ணும் நுண்ணிய காட்சிக்கு ஒரு கண்ணும் இருப்பதுபோல, வலைப்பக்கத்துக்கும் இரண்டு சாளரங்கள் உண்டு. நாளை உங்களில் பலர் வலைப்பக்கங்களை எழுதக்கூடும். எழுதி முடித்ததும் அதைக் கைப்பேசியில் திறந்து, இரு மடங்கு பெரிதாக்கி, வீட்டிலுள்ள பெரியவரிடம் கொடுங்கள். அவரால் கடைசி வரி வரை படித்துப் பொத்தானை அழுத்த முடிந்தால், உங்கள் நிரல் சரியானது.