மாணவர் செதுக்கிய மர விமானங்கள்

போர் விமானங்களின் மர உருவங்களைச் சேகரிப்போர் பல நாடுகளில் உளர். வண்ணமும் சின்னமும் விளங்கும் உருவங்களுக்கிடையே, முழுவதும் கறுப்பு மை பூசப்பெற்ற சிறு விமானங்களையும் அவர்கள் போற்றி வைத்திருப்பர். பார்வைக்கு எளிய இவை, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் செய்தளித்தவையாகும்.

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அச்சமும் இருளும் சூழ்ந்த அன்றிரவு, 'என்டர்பிரைஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த ஆறு அமெரிக்க விமானங்கள் அங்குத் தரையிறங்க வந்தன. பகைவர் வந்தனர் எனக் கருதிய அமெரிக்கப் பீரங்கியாளரே அவற்றைச் சுட்டனர். மூன்று விமானிகள் உயிர் நீத்தனர். வானில் வருவது நட்பா, பகையா என நொடிப்பொழுதில் துணிய இயலாமை எத்துணைக் கொடிது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

பகலொளியிலேனும் அத்தகைய பிழை நேராதிருக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு உருவங்கள் வேண்டும். 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, கல்வி அலுவலகத்தின் துணையுடன் பள்ளிகளை நாடியது. 50 வகை விமானங்கள். வகைக்குப் 10,000 உருவங்கள். ஆக 5,00,000 என்பதே இலக்கு. பள்ளிகளின் தச்சுப் பட்டறைகளில் மாணவர்கள் வரைபடத்தைப் பார்த்து மரத்தை அறுத்தனர், செதுக்கினர், உப்புத்தாளால் தேய்த்தனர்.

உருவங்களின் அளவு 72இல் ஒரு பங்கு. அதாவது, விமானத்தின் ஆறடி உருவத்தில் ஓர் அங்குலமாகும். 35 அடித் தொலைவில் வைத்துக் காணின், அரை மைலுக்கு அப்பால் பறக்கும் உண்மை விமானம்போல் அது தோன்றும். தொலைவில் நிறம் புலப்படாது, வடிவமே புலப்படும். ஆதலின் கறுப்பு மையே போதுமானதாயிற்று. ஆனால் வடிவில் பிழை பொறுக்கப்படவில்லை. அளவு அச்சுகளை வைத்துச் சோதித்துப் பொருந்தாதவற்றை ஒதுக்கினர். இறக்கையின் சாய்வு சிறிது மாறினும், நண்பன் பகைவனாகத் தோன்றக்கூடும் அன்றோ!

போர் முடியுமுன்னரே பிளாஸ்டிக் உருவங்கள் பெருகின. மாணவர் பணியும் ஓய்ந்தது. எஞ்சிய மர விமானங்களுட் சில அருங்காட்சியகங்களையும், சில சேகரிப்பாளர் இல்லங்களையும் அடைந்தன. கொல்லும் கருவியின் வடிவைச் சிறுவர் கைகள் செதுக்க நேர்ந்தமை வருந்தத்தக்கதே. ஆயினும், வகுப்பறையில் செய்யும் சிறு வேலையையும் செவ்வனே செய்தல் வேண்டும், அதனைச் சார்ந்து எங்கோ ஓர் உயிர் இருத்தல் கூடும் என்னும் பாடத்தை அவ்விமானங்கள் இன்றும் புகட்டி நிற்கின்றன.