கேத்தி ஸ்டேஷனில் விஜிக்கு ஏன் ஞாபகம் வரக்கூடாது?

('மூன்றாம் பிறை' இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு எஸ்கேப் ஆகிவிடவும். க்ளைமாக்ஸைப் போட்டு உடைக்கப் போகிறேன்.)

குன்னூரிலிருந்து ஊட்டி போகிற மலை ரயிலில், அரவங்காட்டுக்கும் லவ்டேலுக்கும் நடுவே வருவது கேத்தி. குட்டியூண்டு ஸ்டேஷன். 1982 பிப்ரவரியில் வெளியான பாலு மகேந்திரா படத்தின் கடைசிக் காட்சியை இங்கேதான் எடுத்தார்கள். மழை, சேறு, நொண்டிக்கொண்டே ஓடிவரும் கமல், தலையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு குரங்கு வித்தை... ரயிலுக்குள் ஸ்ரீதேவி. யாரோ பைத்தியம் என்று நினைக்கிறார். ரயில் போயே போய்விடுகிறது. படம் அவ்வளவுதான்!

நாற்பது வருஷம் தாண்டியும் சண்டை ஓயவில்லை. "காவியம்" என்று ஒரு கோஷ்டி. "ஒரே ஒரு செகண்டாவது ஞாபகம் வந்த மாதிரி காட்டியிருக்கலாமே, எதுக்கு இவ்வளவு கொடுமை?" என்று இன்னொரு கோஷ்டி. நான் முதல் கோஷ்டி.

சோக முடிவு அப்போது ஒன்றும் புதுசு இல்லை. 1980-ல் 'ஒருதலை ராகம்' ஹீரோ ரயிலிலேயே செத்துப்போகிறார், படம் ஓடு ஓடென்று ஓடியது. 1982 ஜனவரியில், அதாவது ஒரு மாதம்கூட முன்னால் இல்லை, 'வாழ்வே மாயம்'. அதே கமல், அதே ஸ்ரீதேவி. கமல் கேன்சரில் சாகிறார். ஜனங்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். செத்தவனுக்காகத் திரையிலேயே அழ ஆள் இருந்தால் நமக்கு ஜீரணமாகிவிடும். கேத்தியில் யாரும் சாகவில்லை. சீனுவுக்காக அழவும் ஆள் இல்லை. அதுதான் தொண்டையிலேயே நிற்கிறது.

ஆனால் நாம் எல்லோரும் சீனு பக்கத்தில் நின்றேதான் பார்க்கிறோம். கொஞ்சம் விஜி பக்கம் வாருங்கள். விபத்தில் நினைவு போய்க் குழந்தையாகிவிட்ட பெண், விபசார விடுதியில் தள்ளப்படுகிறாள். அங்கிருந்துதான் வாத்தியார் சீனு அவளை மீட்டுக் கேத்திக்குக் கூட்டி வருகிறான். ஞாபகம் என்ன சல்லடையா, நல்லதை மட்டும் சலித்துக் கொடுக்க? சீனு திரும்பி வந்தால் அந்த விடுதியும் கூடவே வரும். அப்புறம், அவன் அவளைப் பார்த்துக்கொண்டது ஒரு குழந்தையை மாதிரி. எல்லாம் நினைவு வந்து அவள் இறங்கி ஓடிவந்திருந்தால் அது காதலா, நன்றிக்கடனா? எனக்கு அந்த 'சுபம்' கார்டுதான் பயமாக இருக்கிறது.

"அப்பா அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே" என்பவர்களுக்கு: வைத்தியர் வீட்டுக்குப் போலீஸும் வந்திருக்கிறது, சீனு பயந்து ஒதுங்கி நிற்கிறான். அப்படி ஒதுங்கி நின்றதால்தான் அவர்களிடம் எதுவும் சொல்ல முடியவில்லை. டைரக்டர் வில்லத்தனம் எல்லாம் எதுவுமில்லை.

2014-ல் முடிந்த 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' சீரியலின் கடைசி எபிசோடுக்கு ரசிகர்கள் காச்மூச்சென்று கத்தினார்கள். அப்புறம் டிவிடியில் வேறு ஒரு முடிவும் வந்தது. பாலு மகேந்திராவுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சான்ஸ் இருந்தது. 1983-ல் அதே ஜோடியை வைத்து இந்தியில் 'சத்மா' எடுத்தாரே! புது ஆடியன்ஸ், புது மார்க்கெட். அங்கேயும் ஸ்ரீதேவிக்கு ஞாபகம் வரவில்லை.